அரைக் கிலோ

வரப்போரம் எடுக்காதீர்கள்.
எருக்குழி பக்கத்தில், மர நிழலில்,
மாடு கட்டும் இடத்தில் எடுக்காதீர்கள்.
நல்ல இடமாகப் பார்த்து எடுத்தால்
நல்ல பொய் கிடைக்கும்.
நெளிந்து நெளிந்து நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில்
மேல்குப்பையை மட்டும் விலக்கி
ஆப்பு வடிவில் அரையடி வெட்டி
பள்ளத்தின் பக்கத்தைச் சீவி எடுங்கள்.
கலந்து, நான்காகப் பிரித்து,
எதிரெதிர் இரண்டைக் கொட்டிவிட்டு
மறுபடி கலந்து, மறுபடி பிரித்து,
அரைக் கிலோ மிஞ்சும்வரை.
மொத்த நிலத்துக்கும் அதுதான் சாட்சி சொல்லும்.

வேலூரில் பதினொரு வருடமாக
இதையே தொலைபேசியில் சொல்கிறேன்.
அதனாலோ என்னவோ
உவமை கேட்டால் எனக்குக் காது அரிக்கிறது.

கோட்டை மைதானத்தில் ஒருவர் முழங்கினார்:
"வடாற்காடு எங்கள் கட்சிக்கு வளமான மண்!"
எந்த ஆழத்தில் எடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.
சத்துவாச்சாரியில் ஒரு பயிற்சி மையத்தின் சுவர்:
"உங்கள் பிள்ளையின் மூளை விளைநிலம்."
அப்படியானால் ஒரு பருவம்கூடத் தரிசு போடாமல்
மே மாதமும் ஏன் ஐயா வகுப்பு?
புரளிக்கு எங்கள் தெரு நல்ல வண்டல்.
செவ்வாய் மாலை ஊன்றினால் புதன் காலை அறுப்பு.

என் கல்யாணம் பேச வந்த தரகர்
அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"மண்ணு நல்ல மண்ணுதானேம்மா?"
அடுத்த அறையில் நான்
கரிமச்சத்து பற்றிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.
என்னைக் கேட்டிருந்தால் அட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன்.
பொறுமை: குறைவு.
காரம்: அதிகம்.

ஆனிக் கடைசியில் முனிரத்தினம் வந்தார்.
ஆம்பூருக்கு இப்பால், ஆற்றை ஒட்டி ஒண்ணரை ஏக்கர்.
சாயம் போன துணிக்கடைப் பையில் மண்.
படிவத்தில் 'முந்தைய பயிர்' என்ற இடத்தில்
தென்னை என்று எழுதி, அடித்து,
ஒன்றுமில்லை என்று எழுதி, அதையும் அடித்திருந்தார்.
'அடுத்துப் பயிரிட உத்தேசிப்பது' காலி.

நிழலில் உலர்த்தினேன். மரச்சுத்தியால் தட்டிச் சலித்தேன்.
சல்லடையில் தோல் சீவல் ஒன்று நின்றது,
நகத்தளவு, நீலம்.
இலை, சாணம், எலி, வெட்டுக்கிளி,
செத்த எதையும் தின்று கறுப்பதற்குத்தான் வளம் என்று பெயர்.
இதை மட்டும் வாயில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது
எத்தனை வருடமோ.

கார நிலை எட்டரை. உப்பு நாலுக்கு மேல்.
அட்டையில் ஜிப்சம் எழுதினேன்,
தக்கைப்பூண்டு எழுதினேன்,
'நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிடவும்' என்ற
அச்சடித்த வரி தானாக வந்தது.
"நல்ல தண்ணி எங்க கீது?" என்றார்,
முகவரி விசாரிப்பவர் குரலில்.
பிறகு, "அந்தப் பையக் குடுத்துடுங்க மேடம்,
வேற எதுக்காவது ஆவும்."

ஆய்ந்து மிஞ்சிய மண்ணை
ஆறு மாதம் வைத்திருந்து பின்கட்டில் கொட்டுவோம்.
அணைக்கட்டுச் செம்மண் மேல் ஆர்க்காட்டு வண்டல்,
குடியாத்தத்துக் கரம்பை, பேரணாம்பட்டுச் சரளை,
யார் பட்டாவிலும் இல்லாத ஒரு மேடு.
கை கழுவிய தண்ணீர் போய்ச் சேர்வதும் அங்கேதான்.
மார்கழியில் முனிரத்தினத்தின் அரைக் கிலோவும் போனது.
மாசியில் அதன்மேல் ஒரு பூசணி கொடியோடியிருந்தது.
யாரும் ஊன்றவில்லை.
முதல் காய், தலையளவு.

"கூட்டு வெக்கலாம் மேடம்," என்றார்
பெருக்க வரும் சம்பூர்ணம்.
கத்தியும் கொண்டுவந்துவிட்டார்.

எங்களிடம் தழை பார்க்கக் கருவி உண்டு.
மணி, சாம்பல், உப்பு, காரம், எல்லாம் பார்க்கலாம்.
அந்த நீலத்தைப் பார்க்க எதுவும் இல்லை.
காயின் மேல் கை வைத்தேன்.
வெயிலில் சூடேறி, கனமாக,
நன்றாகத்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் முத்தட்டும்," என்றேன்.